மக்கா, கொஞ்சங்கூட கிழக்கே திருப்பு!

ராக்கெட் விட்ட ஊருக்கு டி.வி. வந்து சேர 19 ஆண்டுகள் பிடித்தன. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. அதே நகரில் தூர்தர்ஷன் ஒரு குறைந்த சக்தி ஒளிபரப்புக் கருவியை நிறுவியது 1982 நவம்பரில்தான். அதுவும் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் தயவால். அங்கேயே நிகழ்ச்சி தயாரித்து மலையாளத்தில் ஒளிபரப்ப 1985 ஜனவரி 1 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

தும்பாவிலிருந்து தென்கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரை தாலுகா. கிழக்கே பாறசாலை, அதையும் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. மேற்கே சில கிலோமீட்டரில் கடல். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும் பகுதி இது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது.

அரசாங்கம் வரைபடத்தில் கோடு போட்டால் பஸ்ஸும் ரேஷன் கார்டும் அதற்குக் கட்டுப்படும். டி.வி. அலை கட்டுப்படாது. அதற்குத் தெரிந்த எல்லைகள் இரண்டுதான்: மலை, பூமியின் வளைவு. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வீடுகள், நகரத்துக்காகச் செய்யப்பட்ட டி.வி. பெட்டியை எப்படித் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன என்பது தொழில்நுட்ப வரலாற்றில் யாரும் அதிகம் எழுதாத அத்தியாயம்.

முதலில் திசைகளைப் பார்த்துவிடலாம். காஞ்சிரங்குளத்தில் ஒரு வீட்டுக் கூரை மேல் ஏறி நின்றால் வடமேற்கே சுமார் 22 கிலோமீட்டரில் குடப்பனக்குன்று, திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையம். வடக்கே 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் கொடைக்கானல். சென்னை நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல 1980களின் பிற்பகுதியில் அங்கே உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கிடக்கிறது. மூன்றாவது திசை கிழக்கு, சற்றே தெற்கு வாக்கில். நாகர்கோவிலைத் தாண்டி, கன்னியாகுமரியைத் தாண்டி, மன்னார் வளைகுடாவையும் தாண்டிப் போனால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் பிதுருதலாகல. இலங்கையின் மிக உயரமான மலை, 2,524 மீட்டர். அதன் உச்சியில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம்.

இலங்கையில் ஐ.டி.என். என்ற தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று வந்தது. அதாவது, திருவனந்தபுரத்துக்குச் சொந்த நாட்டு டி.வி. வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே அயல்நாட்டு டி.வி. கடல் மேல் காத்திருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த கலர் டி.வி.க்கள் பல வீடுகளில் சிக்னல் இல்லாமல், வி.சி.ஆர். கேசட்டை நம்பி உட்கார்ந்திருந்தன. உயரமாக ஒரு கம்பம் நட்டால் படம் வரும் என்றதும் யார் சும்மா இருப்பார்கள்?

இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தியா, இலங்கை இரண்டும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்திருந்தன: 625 கோடுகள், பால்-பி. வளைகுடாவிலும் பல நாடுகளில் பால் முறைதான். ஆகவே பெட்டிக்குள் எதையும் மாற்றாமலே மூன்று நாட்டுப் படமும் தெரியும். இலங்கை மட்டும் உதவி செய்த ஜப்பானின் 525 கோட்டு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் கம்பம் நட்டவர்களுக்கு ஓடும் கோடுகள்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் பூகோளம் அவ்வளவு தாராளமாக இல்லை. 2,524 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் அலை, பூமி வளைந்து மறைக்கும் முன் ஏறக்குறைய 207 கிலோமீட்டர் நேராகப் போகும். பார்க்கும் வீட்டில் பத்து மீட்டர் கம்பம் இருந்தால் இன்னொரு 13 கிலோமீட்டர் சேரும். மொத்தம் 220. கன்னியாகுமரிக்கே தூரம் 370 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. கணக்குப்படி படம் தெரியவே கூடாது. தெரிந்தது. காரணம் கடல். காற்று அசையாத வெக்கையான நாட்களில் கடலை ஒட்டிய குளிர்ந்த, ஈரமான காற்றின் மேல் சூடான வறண்ட காற்று ஒரு பாய் விரித்தாற்போல் படியும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட அலை, குழாய்க்குள் போகும் தண்ணீர் மாதிரி பூமியின் வளைவோடு வளைந்தே வரும். மாசி, பங்குனி, சித்திரையில் படம் நன்றாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கலக்கிவிட்டால் போச்சு. இந்த விஞ்ஞானத்தை யாரும் சொல்லித் தராமலே, மாலையில் காற்று நின்றால் 'இன்னிக்கு சிலோன் கிட்டும்' என்று சொல்லத் தெரிந்தவர்கள் கரையோரமெங்கும் இருந்தார்கள்.

அப்படிக் கிடைக்கும் சிக்னலின் அளவு என்ன? ஆன்டெனாவில் ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் கிடைத்தால் டி.வி. சுத்தமான படம் காட்டும். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் திரையில் பொடி தூவும். இன்னும் நாலைந்து மடங்கு குறைந்தால் படம் உருளத் தொடங்கும், உருவம் சாயும், பிறகு வெறும் கொசுக்கூட்டம். அந்தக் கொசுக்கூட்டம் வெளியிலிருந்து மட்டும் வருவதல்ல. டி.வி. பெட்டியின் முதல் டிரான்சிஸ்டரோ வால்வோ தானே உண்டாக்கும் இரைச்சல் அதில் பெரும்பங்கு. ஆகவே போராட்டம் இரண்டு முனையில்: வெளியே சிக்னலைக் கூட்டு, உள்ளே இரைச்சலைக் குறை.

வெளிப்போராட்டத்தின் ஆயுதம் 1926-ல் ஜப்பானில் பிறந்தது. ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இருவர் வடிவமைத்த யாகி-உடா ஆன்டெனாதான் நம் கூரைகளில் மீன்முள் போல நின்றது. ஒரே ஒரு குச்சிக்குத்தான் ஒயர். பின்னால் நிற்கும் நீளமான குச்சி அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் வரிசையாக நிற்கும் குட்டையான குச்சிகள் அலையைக் கூட்டிச் சேர்க்கும். குச்சியின் நீளம் சேனலைப் பொறுத்தது. சென்னை ஒளிபரப்பான நான்காம் சேனலுக்கு இரண்டரை மீட்டரை ஒட்டிய நீளம் வேண்டும். பிதுருதலாகலவிலிருந்து வந்த ஐந்தாம் சேனலுக்கு 80 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம் போதும். ஒரே எண் தள்ளி இருக்கும் சேனல்தானே என்று ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் பிடிக்க முயன்றவர்கள் ஏமாந்தார்கள். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி இருந்தது.

நகரத்து வீட்டுக்கு மூன்று குச்சி போதும். எல்லையோரத்து வீடு பதினொன்றில் போய் நின்றது. கிடைத்த பலன்? சக்தி இரண்டு, மூன்று மடங்கு கூடியது, அவ்வளவே. குச்சிகளை இரட்டித்தால் சிக்னல் இரட்டிப்பதில்லை. ஆனால் பார்வை குறுகும். பதினொரு குச்சி ஆன்டெனா கொஞ்சம் திசை தப்பினாலும் படம் போய்விடும். 'கிட்டுதா?' என்று கூரையிலிருந்து ஒரு குரல், 'இல்லே, கொஞ்சங்கூட கிழக்கே திருப்பு மக்கா' என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், நடுவே ஜன்னலில் நின்று செய்தி கடத்தும் ஒரு சிறுவன். அந்தக் கால டியூனிங் இந்த மூவரணிதான்.

குச்சியை விட உயரமே லாபம் என்பது அனுபவம் தந்த பாடம். தொலைதூர அலையைப் பிடிக்கும்போது கம்பத்தின் உயரத்தை இரட்டித்தால் ஆன்டெனாவில் கிடைக்கும் மின்னழுத்தமும் ஏறக்குறைய இரட்டிக்கும். எந்த எலக்ட்ரானிக்ஸும் இவ்வளவு மலிவாக இதைத் தராது. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு என்றால் வேறு வழியும் இல்லை. ஓலைக்கு மேலே போயாக வேண்டும். இரும்புக் குழாய் வாங்க வசதி இல்லாதவர்கள் மூங்கில் கட்டினார்கள். கமுகு மரத்தைச் சீவி நட்டார்கள். சிலர் தென்னை உச்சியிலேயே ஆன்டெனாவைக் கட்டினார்கள். காற்றில் மரம் ஆடினால் திரையில் நடிகரும் ஆடினார்.

உயரத்துக்கு விலையும் உண்டு. மின்கம்பிக்கு அருகே இரும்புக் குழாயை நிமிர்த்துவது உயிரோடு விளையாடுவது. இழுகம்பி மூன்று திசையில் கட்டாத கம்பம் முதல் புயலில் சாயும். கூரைக்கு மேல் நிற்கும் ஒற்றைக் குழாய் இடிக்கு அழைப்பிதழ். மழை இருட்டினால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிடும் பழக்கம் இந்தப் பயத்தில் வந்தது. அந்தப் பழக்கம் டி.வி.யை ஓரளவு காப்பாற்றும். வீட்டைக் காப்பாற்றக் கம்பத்தை பூமியோடு கனத்த கம்பியால் இணைத்திருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் குறைவு.

கடற்கரைக்கென்று தனித் தொல்லை உப்புக்காற்று. அலுமினியக் குச்சியும் செம்புக் கம்பியும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் இரண்டும் ஒரு குட்டி பேட்டரியாகி அலுமினியத்தை அரிக்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் திருகு தூளாகும். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அந்த இணைப்பில் கிரீஸ் தடவி டேப் சுற்றினார்கள். தட்டை ரிப்பன் ஒயர் வெயிலில் சிக்கனமானது, மழையில் நனைந்தால் சிக்னலைக் குடித்துவிடும். அதனால் விலை கூடுதலானாலும் உருண்டையான கோ-ஆக்ஸியல் கேபிளுக்கு மாறினார்கள். ரிப்பன் 300 ஓம், கேபிள் 75 ஓம். இரண்டையும் பொருத்த நடுவே 'பாலன்' என்ற சின்னச் சுருள் வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக முறுக்கியவர்களின் திரையில் பிம்பத்தின் பக்கத்தில் பேய் பிம்பம் நின்றது.

அடுத்து வந்தது பூஸ்டர். ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர், சில சுருள், ஒரு பிளாஸ்டிக் டப்பா. சென்னை ரிச்சி தெரு மாதிரி கடைத்தெருக்களில் இதற்கான பாகங்கள் குவிந்து கிடந்தன. ஆனால் பூஸ்டர் விஷயத்தில் பல வீடுகள் செய்த தவறு, அதை டி.வி.க்கு மேல் வைத்தது. இருபது மீட்டர் கேபிளில் இறங்கிவரும்போதே சிக்னலில் கணிசமான பங்கு கரைந்துவிடும். மிச்சத்தைக் கீழே வைத்துப் பெருக்கினால், அதோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். சிக்னல் முதலில் நுழையும் கட்டம் எவ்வளவு சுத்தமோ, படம் அவ்வளவு சுத்தம் என்பதை ஹெரால்ட் ஃபிரிஸ் என்ற பொறியாளர் 1944-ல் சூத்திரமாகவே எழுதிவைத்திருந்தார். பாலில் தண்ணீர் கலந்த பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பழைய பால் ஆகாது. கறக்கும் இடத்திலேயே கவனம் வேண்டும்.

ஆகவே பூஸ்டர் கம்பத்தின் உச்சிக்கு ஏறியது. அங்கே கரண்ட்டுக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. டி.வி. பக்கத்தில் ஒரு சின்ன மின்மாற்றி டப்பா. அது 12 வோல்ட் நேர்மின்சாரத்தைச் சிக்னல் வரும் அதே கேபிளில் மேலே அனுப்பும். படம் கீழே இறங்க, கரண்ட் மேலே ஏற, ஒரே ஒயரில் இரு வழிப் போக்குவரத்து. பொருத்தம் சரியில்லாத மட்டமான பூஸ்டர் சில நேரம் தானே ஒளிபரப்பத் தொடங்கிவிடும். அப்போது அந்த வீட்டில் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் நாலு வீட்டிலும் கோலம் போட்டாற்போல் குறுக்குக் கோடுகள். தெருச்சண்டைக்குப் புதிய காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டிக்கு வெளியே. உண்மையான கைத்திறன் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிய பிறகுதான் தொடங்கியது.

சாலிடேர், டயனோரா, இ.சி., கெல்ட்ரான் என்று அன்றைக்கு விற்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்குப் பிறப்பிடம் வெவ்வேறு என்றாலும் நோய் ஒன்றே. ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் அவை அமைக்கப்பட்டிருந்தன. 'ஏ.ஜி.சி.' என்ற பகுதி சிக்னலின் பலத்தைப் பார்த்துத் தானாகவே பெருக்கத்தைக் கூட்டும், குறைக்கும். அது ட்யூனரின் கழுத்தைச் சீக்கிரமே நெரித்துவிடும்படி அமைந்திருந்தால், பலவீனமான சிக்னலில் படம் தேவையில்லாமல் பொடியும். மெக்கானிக் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அந்த பிரீசெட்டைத் திருப்பி, ட்யூனர் முழு மூச்சில் வேலை செய்யும் எல்லையைத் தள்ளிவைப்பார். இதில் ஒரு சிக்கல். இலங்கைக்காகத் திருப்பிய பெட்டியில் குடப்பனக்குன்றைப் போட்டால் படம் வளைந்து, கறுத்து, ஒலியில் கர்ரென்ற இரைச்சல் வரும். பக்கத்து வீட்டுக்காரர் காதில் கத்துவது மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் பெயர் நின்றது.

படம் உருள்வதற்கும் உடைவதற்கும் தனி வைத்தியம். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்க வேண்டும் என்று நிலையம் ஒரு துடிப்பு அனுப்பும். வினாடிக்கு 15,625 துடிப்புகள். பலவீனமான சிக்னலில் இரைச்சலையே துடிப்பு என்று பெட்டி ஏமாந்துபோகும். கோடுகள் முன்னும் பின்னும் இழுபட்டு, முகம் கிழிந்த துணி மாதிரி ஆகும். இதற்குத் தீர்வு 'ஃபிளைவீல்' முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளாமல், பல துடிப்புகளின் சராசரியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. தையல் மெஷினின் கனத்த சக்கரம் கால் மிதி ஒன்று தப்பினாலும் சீராகச் சுற்றுமே, அதே தத்துவம். பிற்காலப் பெட்டிகளில் இது எல்லாவற்றிலும் இருந்தது. ஆனால் அந்தச் சக்கரம் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு கண்டென்சரையும் ஒரு ரெசிஸ்டரையும் மாற்றி, இன்னும் பொறுமையான பெட்டியாக ஆக்க முடியும்.

மூன்றாவது வழி தியாகம். பெட்டிக்குள் படம் கடந்துபோகும் ஐ.எஃப். பாதையின் அகலத்தைக் குறைப்பது. வாசல் அகலமாக இருந்தால் விருந்தாளியோடு கொசுவும் அதிகம் வரும். வாசலைப் பாதியாக்கினால் இரைச்சலும் பாதியாகும். படத்தின் கூர்மை போகும். நடிகையின் புடவைக் கரை தெரியாது, முகம் தெரியும். சுருள்களின் உள்ளே இருக்கும் கரிய மையத்தைப் பிளாஸ்டிக் ஊசியால் மிக மெல்லத் திருக வேண்டிய வேலை இது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரோடு துணிந்து இறங்கியவர்கள் ஒலியையும் சேர்த்துத் தொலைத்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே கரண்ட். மாலையில் எல்லா வீட்டு விளக்கும் எரியும் நேரம் மின்னழுத்தம் சரியும். படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஒண்டிக்கொள்ளும். நல்ல நிகழ்ச்சியும் அதே நேரத்தில்தான். ஆகவே டி.வி. வாங்கினால் ஸ்டெபிலைசர் சீதனம் மாதிரி கூடவே வந்தது. சிக்னலும் பலவீனம், கரண்டும் பலவீனம் என்ற இரட்டை நோயாளிக்கு வைத்தியம் பார்த்தவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகள்.

இந்த வித்தைகள் நமக்கு மட்டும் சொந்தமல்ல. பிரிட்டனில் 1949 டிசம்பரில் சட்டன் கோல்ட்ஃபீல்ட் நிலையம் வரும்வரை லண்டனுக்கு வெளியே தொலைதூரத்தில் இருந்தவர்களுக்கு இதே கதிதான். அங்கே கம்பெனிகளே 'ஃபிரிஞ்ச்' மாடல் என்று விளிம்புப் பகுதிகளுக்குத் தனிப் பெட்டி விற்றன. கூடுதல் பெருக்கக் கட்டம், ஃபிளைவீல் எல்லாம் சேர்த்து விலையும் கூடுதல். அமெரிக்காவில் 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு அரசு அனுமதியை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டுகளில் பெட்டியிலேயே 'அருகில், தொலைவில்' என்று மாற்றும் சுவிட்ச் வந்தது. ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸ் என்பவர் 1948-ல் ஒரு ஹோட்டல் கூரையில் ஆன்டெனா வைத்து, சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் சியாட்டிலிலிருந்து வந்த படத்தைப் பிடித்து ஒயர் இழுத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். கேபிள் டி.வி. பிறந்தது இப்படித்தான்: பணத்தாசையில் அல்ல, சிக்னல் பஞ்சத்தில்.

இந்தியாவில் அரசே ஒருமுறை இந்தப் பிரச்சினையை நேராகச் சந்தித்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்த 'சைட்' பரிசோதனையில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் வந்தது. மூன்று மீட்டர் அகலத்தில் கோழிக்கூண்டு வலையால் செய்த டிஷ், அலைவரிசையை மாற்றித் தரும் ஒரு கருவி, உறுதியான பொதுப் பெட்டி. பலவீனமான சிக்னலுக்கென்றே இந்தியப் பொறியாளர்கள் அமைத்த டி.வி. அது. ஆறு மாநிலங்கள் பயனடைந்தன. அந்த ஆறில் தமிழ்நாடும் இல்லை, கேரளமும் இல்லை. இஸ்ரோவின் பிறப்பிடத்தைச் சுற்றியிருந்த கிராமங்கள் மூங்கிலையும் கமுகையும் நம்பியிருந்தன.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன பார்த்தார்கள்? கிரிக்கெட், ஆங்கிலத் தொடர், எப்போதாவது தமிழ். ரூபவாஹினி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒளிபரப்பியது. இங்கேதான் எல்லையோரத் தமிழரின் விசித்திர நிலை. திருவனந்தபுரம் மலையாளமும் இந்தியும் தந்தது. சென்னையின் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' மலைக்கு அப்பால் நின்றது. தாய்மொழிச் செய்தி வேண்டுமென்றால் ஆன்டெனாவை அயல்நாட்டின் பக்கம் திருப்ப வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தச் செய்தி கொழும்பு அரசின் பார்வையில் வந்த செய்தி என்பதும் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போர் கோபுரங்களையும் விடவில்லை. வன்னியில் கொக்காவில் முகாம் 1990 ஜூலையில் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபோது அங்கிருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையமும் அழிந்தது. புதிய கோபுரம் எழுந்தது 2011-ல்.

இதில் ஒரு கேலியும் ஒளிந்திருக்கிறது. காஞ்சிரங்குளத்துக்கு வடகிழக்கே தமிழ்நாட்டு ஒளிபரப்பை மறித்து நின்ற மலைகளில் பெரியது அகத்தியர் மலை; 1,868 மீட்டர். தமிழர் அதைப் பொதிகை என்பார்கள். தூர்தர்ஷன் 2000-ல் தன் தமிழ் அலைவரிசைக்கு வைத்த பெயரும் பொதிகை. 2024-ல் அது டிடி தமிழ் ஆனது. மறித்த மலையின் பெயரையே சூடிக்கொண்டு அந்த அலைவரிசை கடைசியில் எல்லையோர வீடுகளுக்கு வந்தது செயற்கைக்கோள் வழியாக. 1993-ல் சன் டி.வி.யும் ஏசியாநெட்டும் தொடங்கி, கேபிள் தெருத் தெருவாக நுழைந்ததும் உயரக் கம்பங்களின் காலம் முடிந்தது. பிரசார் பாரதி பழைய அனலாக் ஒளிபரப்புக் கருவிகளை, சில முக்கிய இடங்களைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக அறிவித்தது. பழைய பெட்டிகளைச் சேகரித்துச் சீர்செய்பவர்கள் இன்று செட்டாப் பாக்ஸின் படத்தை ஒரு மாடுலேட்டர் வழியாகப் பழைய சேனலுக்கு மாற்றித்தான் அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலவீனமான சிக்னலைப் பிடிக்கத் தவம் கிடந்த பெட்டிக்கு, அரை மீட்டர் ஒயரில் அளவுக்கு மீறிய சிக்னல். ஏ.ஜி.சி.யைத் திரும்பவும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆண்டுக்கணக்கில் தூங்கிய பெட்டியை நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால் உலர்ந்த கண்டென்சர்கள் வெடிக்கலாம். பல பெட்டிகளின் உலோகச் சட்டமே மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு கொண்டது. படக்குழாயில் உள்ள மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். இந்த வேலையைத் தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது. தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் கண்டுபிடித்த கண்டென்சர் மதிப்புகளும் பிரீசெட் நிலைகளும் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்திலும் ஏறவில்லை.

அந்த அறிவு போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டு ஆன்லைன் வகுப்புகள் வந்தபோது, நாட்டின் பல மலைக் கிராமங்களில் மாணவர்கள் செல்போனோடு மரத்திலும் பாறையிலும் ஏறினார்கள். ஆன்டெனாவோடு கூரை ஏறிய அதே காட்சி. ஆனால் ஒரு வித்தியாசம். அனலாக் டி.வி. முயற்சிக்குக் கூலி கொடுத்தது. ஒரு குச்சி கூட்டினால் கொஞ்சம் பொடி குறைந்தது. இரண்டு மீட்டர் உயர்த்தினால் முகம் தெரிந்தது. பாதிப் படமாவது வந்தது. டிஜிட்டலில் பாதிப் படம் கிடையாது. சிக்னல் வரம்புக்கு மேலே இருந்தால் முழுதும் வரும். கீழே போனால் ஒன்றுமே வராது. போனின் பின்மூடியைக் கழற்றி மாற்றவும் எதுவும் இல்லை. டி.வி. பூஸ்டரை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டினார்கள். செல்போன் பூஸ்டரை அனுமதியின்றி வைப்பது குற்றம். கோபுரத்தை நோக்கித் திரும்பவும் அலை அனுப்பும் கருவி என்பதால் அந்தத் தடைக்கு நியாயம் உண்டு. ஆனால் தடை போட்ட கையோடு கோபுரம் நடும் பொறுப்பும் அரசைச் சேர்கிறது.

அன்றைக்கு எல்லையோரத்து வீடு தூர்தர்ஷனுக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்காமல் இருக்க அதன் கையில் ஒரு கமுகுக் கம்பமும், பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக்கும் இருந்தார்கள். இன்றைக்குச் சிக்னல் கிடைக்காத வீட்டின் கையில் இருப்பது, புகார் செய்ய ஒரு டோல்ஃப்ரீ எண். அதைக் கூப்பிடவும் சிக்னல் வேண்டும்.